ரைட் மார்க்கர் வீடு

பொங்கல் கழிந்து, கரும்புச் சக்கைகூட இன்னும் தெருவில் காயாத ஒரு காலையில், ஹவில்தார் எத்திராஜின் வீடு வரிசையை விட்டு ஓரடி முன்னே வந்து நின்றது. வாசல் தெளிக்க வந்த நான் கையில் வாளியோடு அதைப் பார்த்தேன். பார்த்ததும் எனக்கு வந்த முதல் கவலை, அவர்கள் வீட்டுச் சாக்கடைக் குழாய் எந்த இடத்தில் பிடுங்கிக்கொண்டிருக்குமோ, அந்தத் தண்ணீர் எங்கள் பக்கம் வந்து தேங்குமோ என்பதுதான். வீடு எப்படி வந்தது என்று நானும் கேட்கவில்லை, வேறு யாரும் கேட்கவில்லை. பட்டாளத்தில் வரிசையில் நிற்கிற ஒருத்தனுக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் அவன் ஓரடி முன்னே வருவான், அந்த வீட்டுக்கும் ஏதோ சொல்ல வேண்டியிருக்கிறது போல என்று எல்லாரும் எடுத்துக்கொண்டோம்.

எங்கள் தெருவைப் பற்றிச் சொன்னால்தான் இது விளங்கும். கல்லேரிப்பேட்டை பாலாற்றுக்குத் தெற்கே, தோல் பதனிடுகிற வாடை காற்றில் வந்து சேர்கிற தூரத்தில் இருக்கும் ஊர். வீட்டுக்கு ஒருத்தராவது பட்டாளத்துக்குப் போன ஊர். எழுபத்தொன்று பங்களாதேஷ் சண்டையில் இருந்துவிட்டு, பென்ஷனோடு ஒவ்வொருத்தராகத் திரும்பி வந்தவர்கள், ஏரிக்கரை மேட்டில் கிடைத்த மனைகளில் வீடு கட்டும்போது கொத்தனாரின் நூலை நம்பவில்லை. என் மாமனார் சுபேதார் தணிகாசலம் முதல் மனையின் மூலையில் விறைப்பாக நின்றுகொள்ள, மற்றவர்கள் அவரவர் மனையில் நின்று, தலையை அவர் பக்கம் திருப்பி, தோளைப் பார்த்து, குதிகாலைப் பார்த்து, நின்ற இடத்தில் சுண்ணாம்பைப் போட்டு, அந்தச் சுண்ணாம்பின் மேலேயே சுவர் எழுப்பினார்கள். பட்டாளத்தில் வரிசை சேர்வது அப்படித்தானாம். வலது முனையில் நிற்கிறவருக்கு ரைட் மார்க்கர் என்று பேர். அவர் அசையக் கூடாது. மற்ற எல்லாரும் அவரைப் பார்த்தே தங்களைச் சரிசெய்துகொள்ள வேண்டும். அதனால் எங்கள் வீட்டுக்கு ரைட் மார்க்கர் வீடு என்றே பேர் நிலைத்துவிட்டது. தபால்காரரே அப்படித்தான் கேட்டுக்கொண்டு வருவார். எங்கள் பக்கம் ஜவான் வரிசை. தெருவுக்கு அந்தப் பக்கம் எதிர்வரிசை. அங்கே விவசாயம் செய்கிறவர்கள், ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள், டீக்கடை கன்னியப்பண்ணன். அவர்கள் வீடுகள் ஒன்று முன்னே ஒன்று பின்னே என்று இஷ்டத்துக்கு நிற்கும், அதில் அவர்களுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

எத்திராஜண்ணன் வீடு எங்களுக்கு அடுத்த வீடு. மாமா கேட் வரைக்கும் வந்து, சுவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எத்திராஜ், வரிசை தப்பு" என்றார்.

"தெரியும் சாப்." பட்டாளத்தில் மேலே இருக்கிறவரை சாப் என்றுதான் கூப்பிட வேண்டுமாம்.

"பின்னால எடு."

"எடுத்துப் பாத்துட்டேன் சாப். வரமாட்டேங்குது."

மாமா மார்பை நிமிர்த்தி, பரேடு மைதானத்தில் கொடுக்கிற குரலில் இந்தியில் ஒரு உத்தரவு கொடுத்தார். எதிர்வரிசையில் கட்டியிருந்த மாடு இரண்டடி பின்னால் போனது. வீடு போகவில்லை. வாலாஜாவிலிருந்து வீடு தூக்குகிற ஜாக்கி ஆட்களை வரவழைத்து, அஸ்திவாரத்தின் கீழே வரிசையாக ஜாக்கி வைத்துப் பின்னால் நகர்த்தினார்கள். மறுநாள் விடிந்தபோது அது மறுபடியும் முன்னே வந்து நின்றது. மின்சார வாரியத்திலிருந்து வந்த லைன்மேன் நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், கம்பத்திலிருந்து வீட்டுக்குப் போகிற ஒயரைக் கொஞ்சம் நீளமாக விட்டு முடிந்துவிட்டுப் போனார். "இன்னாம்மா அம்சவேணி, சண்ட இல்லாம சும்மா குந்த முடியலன்னு வீட்ட அனுப்பறாங்களா எங்க மேல?" என்று கன்னியப்பண்ணன் டீ ஆற்றிக்கொண்டே கேட்டார். எனக்கு அப்போதும் சாக்கடைத் தண்ணீர்க் கவலைதான்.

அன்று தெருக்குழாயில் எத்திராஜண்ணன் மனைவி ருக்குமணியக்கா குடத்தை வைத்துவிட்டு அப்படியே நின்றாள். குடம் நிரம்பி வழிந்தது. "படுக்கறதே இல்ல அம்சா. செவுத்தப் புடிச்சிக்கினு உக்காந்தே கீறாரு. ஆஸ்பத்திரில இனிமே வைத்தியம் இல்ல, கூட்டிக்கினு போய் நல்லா பாத்துக்கோங்கன்னு அனுப்பிட்டாங்க. நல்லா பாத்துக்கறதுன்னா எப்டின்னு சொல்லல. நோவுதான்னு கேட்டா டீக் ஹைன்றாரு" என்றாள்.

டீக் ஹை என்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். பட்டாளத்தில் காலையில் உடம்பு சரியில்லை என்று போய் நிற்கிறவனை வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறவன் என்று பார்ப்பார்களாம். அதற்குப் பயந்து, காய்ச்சலோடு ஓடி, வீங்கின காலோடு நடந்து, பதினெட்டு வயசில் பழகின அந்தப் பேச்சை இந்த மனுஷர்கள் எண்பது வயசு வரை கொண்டுவந்திருந்தார்கள். பல் பிடுங்கினாலும் டீக் ஹை, பெண்டாட்டி செத்தாலும் டீக் ஹை. வாய் சொல்லாததைக் கடைசியில் வீடு சொல்லவேண்டி வந்துவிட்டது. ருக்குமணியக்கா பேசப் பேச எனக்கு அது விளங்கிவிட்டது.

என் அம்மா கர்ப்பப்பைப் புற்றில் படுத்திருந்தபோது ஆம்பூரிலிருந்து டாக்டர் ரெஹானா வீட்டுக்கே வந்து பார்த்துக்கொண்டார். குணமாக்க முடியாத நோய்க்கு வலியில்லாமல் பார்த்துக்கொள்கிற வைத்தியம் என்று ஒன்று இருப்பதே அவரால்தான் எனக்குத் தெரியும். அவருக்குப் போன் போட்டேன். போட்டுவிட்டு, வருவாரோ மாட்டாரோ, வந்தால் இந்த ஆட்கள் மரியாதையாகப் பேசுவார்களோ மாட்டார்களோ என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவர் தன் வேனில் வந்து இறங்கி, தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராக எத்திராஜண்ணன் வீட்டுக்குள் போனார்.

"எந்த வீடுன்னு நான் சொல்லவே இல்லியே டாக்டர்" என்றேன்.

"அதுதான் முன்னாடி வந்து நிக்குதேம்மா" என்றார்.

பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று அவர் கேட்டதற்கு எத்திராஜண்ணன் பூஜ்யம் என்றார். டாக்டர் அவர் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் வழியே வரிசையை எட்டிப் பார்த்துவிட்டு, மார்ஃபின் மாத்திரை எழுதினார். எத்தனை மணிக்கு ஒருதரம் கொடுக்க வேண்டும், அதனால் மலம் கட்டும், கட்டாமலிருக்க என்ன கொடுக்க வேண்டும், பயப்பட வேண்டாம், இது தூங்கவைத்துக் கொல்கிற மருந்து இல்லை என்று ருக்குமணியக்காவிடம் பொறுமையாகச் சொன்னார். அந்த வாரமே எத்திராஜண்ணன் மல்லாந்து படுத்துக் குறட்டை விட்டார். வீடு பின்னால் போய் வரிசையில் நின்றது. ருக்குமணியக்கா கொழுக்கட்டை செய்து எல்லா வீட்டுக்கும் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு ஜவான் வரிசையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடுகள் முன்னே வரத் தொடங்கின. மூட்டு வலிக்கு அரையடி வந்தது, புற்றுக்கு முழு அடி வந்தது, ராத்திரியில் குண்டுச் சத்தம் கேட்டு எழுந்து உட்கார்கிறவரின் வீடு முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டே இருந்தது. நாங்கள், அந்த வீடுகளுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள், காலையில் வாசல் தெளிக்க வந்ததும் முதலில் வரிசையைப் பார்ப்போம். எந்த வீடு முன்னே இருக்கிறதோ அங்கே போவோம். டாக்டர் ரெஹானா எங்கள் கூடத்தில் உட்கார்ந்து எங்களுக்குப் பழக்கினார். அரிசி மூட்டையைப் பாயில் கிடத்தி, படுக்கையில் கிடக்கிறவரை எலும்பு நோகாமல் எப்படிப் புரட்டுவது என்று புரட்டினோம், குதிகாலும் இடுப்பும் சிவக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது, புண் வராமல் எப்படிக் காப்பது, காய்ந்த வாயை உப்பும் சமையல் சோடாவும் கலந்த தண்ணீரில் பஞ்சை நனைத்து எப்படித் துடைப்பது, பேசுகிறவரைப் பேசவிட்டு எப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பது, செத்துப்போவேனா என்று கேட்கிறவருக்குப் பொய் சொல்லாமல் எப்படிக் கையைப் பிடித்துக்கொள்வது என்று எல்லாம் கற்றுக்கொண்டோம். டாக்டர் இதற்கு நீளமாக ஒரு பேர் வைத்திருந்தார். எதிர்வரிசையில் எங்களுக்கு நோவுக் கட்சி என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேர்தான் நின்றது. கன்னியப்பண்ணன் கடையில் நோவுக் கட்சிக்கு டீ தள்ளுபடி. "ஏன்ணா, உங்க வரிசைல ஒரு வீடும் நவுரலியே, உங்களுக்கெல்லாம் நோவே கெடையாதா?" என்று நான் ஒரு நாள் கேட்டேன். "எங்களுக்கு நொந்தா நாங்க கத்துவோம். வீடு எதுக்கு வரணும்?" என்றார்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கரண்ட் போய்விடுமோ, பால் திரிந்துவிடுமோ, பெங்களூரில் வேலை செய்கிற என் வீட்டுக்காரர் சாப்பிட்டாரோ இல்லையோ என்று கவலைப்படுவதைத் தவிர வேறு வேலையில்லாதவள் என்று பேர் எடுத்தவள். அந்தக் கவலை எல்லாம் இப்போது எதற்கோ உதவியது. மாத்திரை நேரம் எனக்கு மறக்காது. யார் வீட்டு உலை கொதிக்கவில்லை என்பதும் என் கண்ணில் தப்பாது.

ஆனால் ஆண்களுக்கு வெட்கம். வீடு முன்னே வந்து நிற்பது, தெரு பார்க்க அழுகிற மாதிரி அவர்களுக்கு இருந்தது. கடைசி வீட்டு லான்ஸ் நாயக் பூங்காவனம் லாரிக் கயிற்றால் தன் வீட்டைக் கொல்லை வேப்பமரத்தில் கட்டினார். மரம் வேரோடு பிடுங்கிக்கொண்டு வீட்டின் பின்னாலேயே வந்தது. எல்லாரும் எங்கள் வீட்டைப் பார்த்தார்கள். மாமாவுக்கும் நோய் இருந்தது. புராஸ்டேட்டில் புற்று, பட்டாள ஆஸ்பத்திரியில் அறுவை செய்து அனுப்பியிருந்தார்கள். ஆனாலும் எங்கள் வீடு வரிசையை விட்டு ஒரு விரல்கூட அசையவில்லை. டாக்டர் கேட்கும்போதெல்லாம் மாமா பூஜ்யம் என்பார், அதை வாசலில் நிற்கிற எல்லாருக்கும் கேட்கும்படி சொல்வார். "சாப் பூஜ்யம்னு சொல்லும்போது நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு ஆறுன்னு சொல்றது?" என்று பூங்காவனம் என்னிடம் கேட்டார். அவருக்குக் கணையத்தில் புற்று.

சித்திரை வெயில் ஏறியபோது ஒவ்வொரு வீடாக வரிசைக்குத் திரும்பின. மனசை இறுக்கிப் பிடித்தால் வீட்டையும் பிடித்து நிறுத்தலாம் என்று அவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். எங்களுக்கு அது தெரியாது. ஜவான் வரிசை கத்தியால் வெட்டினது போல நேராக நின்றது. ஊர் சந்தோஷப்பட்டது. பஞ்சாயத்துத் தலைவர் நோவுக் கட்சிக்கு எவர்சில்வர் அண்டா ஒன்றைப் பரிசாகக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார். டாக்டர் ரெஹானா மட்டும் படத்தில் சிரிக்கவில்லை. "இந்த வயசுல இத்தனை பேருக்கும் ஒரே சமயத்துல வலி போயிடாதும்மா" என்றார்.

எனக்கு அந்தச் சமயத்தில் வேறொரு கவலை. தெரு குறுகிக்கொண்டு வருகிறது என்று எனக்குப் பட்டது. டவுன் பஸ் டிரைவர், கண்ணாடி இடிக்கிறது என்று எங்கள் தெருவுக்குள் வராமல் முனையிலேயே திருப்பினார். குப்பை வண்டி தேய்த்துக்கொண்டு போனது. நான் சொன்னால், "அம்சாவுக்குத் தூங்கி எழுந்தா ஒரு கவல வேணும்" என்றார்கள். கடைசியில் பஞ்சாயத்து ஆள் டேப்போடு வந்தார். எங்கிருந்து அளப்பது என்று கேள்வி வந்தபோது யாருக்கும் சந்தேகமே இல்லை. ஜவான் வரிசையிலிருந்து அளந்தார்கள். நாட்டிலேயே நேரான வரிசை அதுதானே. எதிர்வரிசை மொத்தமும் தெருவை ஆக்கிரமித்திருக்கிறது என்று அளவு சொன்னது.

"என் கட எங்கப்பா போட்ட எடத்துல அப்டியே கீது" என்றார் கன்னியப்பண்ணன்.

"டேப் பொய் சொல்லாது" என்றார் எங்கள் வரிசையில் ஒருத்தர்.

"டேப்பு சொல்லாது. அத்த புடிச்ச கை சொல்லும்." டீ தள்ளுபடி அன்றோடு நின்றது.

வைகாசியில் பூங்காவனம் இறந்தார். அன்று காலையிலும் அவர் வீடு வரிசையில் நேராக நின்றது, அதனால் நாங்கள் யாரும் அங்கே போகவில்லை. குளிப்பாட்டும்போதுதான் பார்த்தோம், கீழுதடு முழுக்க அவரே கடித்த காயம், உள்ளங்கைகளில் நகம் பதிந்த பிறைகள், தலையணையின் ஒரு மூலை பஞ்சாகப் போயிருந்தது. அவர் மனைவி சரசு, "என்னிக்கும் கத்தலியே, என்னிக்கும் கத்தலியே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் கூடத்தில் பரிசு அண்டா கவிழ்த்துவைத்திருந்தது. எனக்கு அதன் பக்கம் பார்க்கவே முடியவில்லை.

பூப்பல்லக்கு தெருவுக்குள் நுழைந்ததும் சிக்கிக்கொண்டது. எங்கள் பக்கச் சுவரும் கன்னியப்பண்ணன் கடைக் கூரையும் இரண்டு பக்கமும் பூவை உரித்தெடுத்தன. வெறும் மூங்கிலோடு பூங்காவனம் முனையைத் தாண்டினார். எல்லாரும் எதிர்வரிசையைத் திட்டினார்கள். கன்னியப்பண்ணன் பால் சட்டியை இறக்கிவிட்டுத் தன் கடைக் கூரையைத் தன் கையாலேயே பிரித்துப் போட்டார். அதைப் பார்த்த பிறகு யாருக்கும் திட்ட வாய் வரவில்லை.

சாவு வீட்டுக்குப் போய் வந்தால் குளிக்க வேண்டும். குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போகக் கால் எடுத்தவள், வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். குழாய் எங்கள் படிக்குப் பக்கத்தில் இருந்தது. போன தையில் நான் இடுப்பு நோக நடந்து போன குழாய். நடுவில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரம் குறைந்ததை நான் கவனிக்காமல் இல்லை. நடை மிச்சம் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன். இரும்புக் குழாய் பூமிக்குள் இருந்து வருகிறது. அது நடக்காது. அப்படியானால் நடந்தது யார் என்று யோசித்தேன். நடந்தது எங்கள் வீடு. எங்கள் வீடு மட்டும் நடந்திருந்தால் பார்த்தவர்கள் சொல்லியிருப்பார்கள். ஆனால் ரைட் மார்க்கர் ஒரு விரல் நகர்ந்தால், அடுத்தவர் அவரைப் பார்த்து ஒரு விரல் நகர்வார், அவரைப் பார்த்து அதற்கடுத்தவர், அப்படியே பூங்காவனம் வரைக்கும். வரிசை எப்போதும் நேராகத்தான் இருக்கும். மாமாவின் வலி அத்தனையும் எங்கள் எல்லாருடைய கண்முன்னே, தெருவின் அகலத்தில் இருந்தது.

மாமாவின் துண்டைத் துவைக்கும்போதெல்லாம் முனையில் ஓட்டை இருப்பதைப் பார்த்து, எலி கடித்தது என்று மருந்து வைத்திருந்தேன். கடித்தது எலி இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் காலை மாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மாமனார் முன்னே நான் உட்கார்ந்ததில்லை. அன்று தரையில் உட்கார்ந்தேன்.

"நோவு எவ்ளோ மாமா?"

"டீக் ஹை. போய் வேலயப் பாரு."

"குழாய் எங்க கீதுன்னு பாருங்க."

"குழாய்க்கு இன்னா?"

"போன தையில நான் நடந்து போயி தண்ணி புடிச்சேன். இன்னிக்கி வாசப்படில குந்திக்கினு புடிக்கிறேன். குழாயா நடந்து வந்துச்சி?"

மாமாவின் கண் ஜன்னல் வழியே குழாயில் நின்றது. தண்ணீர் சொட்டுகிற சத்தம் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது.

"ரைட் மார்க்கர் அசைய மாட்டான்" என்றார், ஆனால் அதைச் சொன்ன குரல் பரேடு குரல் இல்லை.

"அசஞ்சிட்டீங்க மாமா. உங்களப் பாத்து எல்லாரும் அசஞ்சிட்டாங்க. நேரா கீறதால யாருக்கும் தெரியல. கன்னியப்பண்ணன் பாவம், கடையப் பிரிச்சிட்டாரு."

"எவ்ளோ வந்துருப்போம்?"

"பல்லக்கு போவாத அளவு."

அவர் குழாயிலிருந்து கண்ணை எடுத்து, "பூங்காவனம்?" என்றார். அந்த ஒரு பேரைத்தான் சொன்னார், ஆனால் என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. பொய் சொல்லக் கூடாது என்று டாக்டர் பழக்கியிருந்தார்.

"அவரும் உங்களப் பாத்துதான் மாமா நின்னாரு."

நாற்காலிக் கையைப் பிடித்திருந்த அவர் விரல்கள் வெளுத்தன. எனக்குப் பயமாகிவிட்டது, அதிகம் சொல்லிவிட்டேனோ, இதயம் நின்றுவிடுமோ, என் வீட்டுக்காரருக்கு என்ன பதில் சொல்வேன் என்று ஒரே நிமிஷத்தில் நூறு கவலை. அவர் நிமிர்ந்து, "கேன்வாஸ் ஷூ எடு" என்றார்.

ஷூ போட்டு, சட்டையைப் பேண்டுக்குள் விட்டு, கல்யாணம் ஆகி வந்த இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அந்தக் கை அவ்வளவு லேசாக இருந்தது. டாக்டர் ரெஹானாவின் வேன் தெரு முனையில் நிற்க, அவர் பையோடு நடந்து வந்துகொண்டிருந்தார். தன் கேட்டுக்கு முன்னால் மாமா வந்து நின்றதும், முந்தின நாள் சாவுக்குப் போய் வந்து அவரவர் வாசலில் சோர்ந்து உட்கார்ந்திருந்த கிழவர்கள் பழக்கத்தில் எழுந்து நின்றார்கள். நடக்க முடியாதவர்களைப் பெண்கள் ஜன்னலோரம் சாய்த்து உட்காரவைத்தார்கள்.

"ஐயா, பூஜ்யத்துலேர்ந்து பத்து வரைக்கும்..." என்று டாக்டர் தொடங்கினார்.

மாமா என் தோளிலிருந்து கையை எடுத்தார். குதிகாலைச் சேர்த்தார்.

"சுபேதார் தணிகாசலம்" என்றார், ஏரிக்கரை வரைக்கும் கேட்கும் குரலில். "எட்டு."

பட்டாளத்தில் கின்தி என்று ஒரு வழக்கம் உண்டாம். வரிசை சேர்ந்ததும் ரைட் மார்க்கர் ஒன்று என்பார், அடுத்தவர் இரண்டு, அடுத்தவர் மூன்று என்று கடைசி ஆள் வரை எண்ணிக்கொண்டு போக வேண்டும். முதல் எண் காதில் விழுந்த பிறகு வாயை மூடிக்கொண்டு நிற்க ஒரு சிப்பாயாலும் முடியாது. அடுத்த வீட்டு ஜன்னலிலிருந்து எத்திராஜண்ணன், "நாலு" என்றார். அதற்கடுத்து, "ஆறு." "அஞ்சு." கொஞ்சம் தயங்கி, "பகல்ல ரெண்டு, ராத்திரில ஒம்போது." "ஏழு." "நோவு இல்ல, பயந்தான் கீது, அதுக்கு நம்பர் உண்டா சாப்?" "உண்டு, சொல்லு" என்றார் மாமா. "அப்போ எட்டு." வாசல் வாசலாக, ஜன்னல் ஜன்னலாக, அறுபது வருஷத்து டீக் ஹை எல்லாம் எண்ணாக மாறி வரிசையின் ஓரம் வரைக்கும் ஓடியது. கடைசி வீட்டில் நிறுத்தம் விழுந்தது. பிறகு சரசுவின் குரல் வந்தது. "எங்க வீட்டுக்காரருக்குப் பத்து இருந்திருக்கும்."

மாமா அந்தப் பக்கம் திரும்பி சல்யூட் அடித்தார். கையை இறக்க அவருக்கு வெகுநேரம் ஆனது.

டாக்டர் அன்று இருட்டுகிற வரைக்கும் வீடு வீடாகப் போனார். நாங்கள் கூடவே போனோம், யாருக்கு என்ன எண் என்று எங்களுக்கு மனப்பாடமாகி இருந்தது. மருந்து இறங்க இறங்க, ஆனி பிறப்பதற்குள் ஜவான் வரிசை மொத்தமும் நூல் பிசகாமல் பின்னால் போனது, ஒரே ஆளாக. அந்தச் சத்தம் பெரிய மூச்சு விடுவது போல இருந்தது என்று எதிர்வரிசையில் சொன்னார்கள். குழாய் தூரமாகப் போய்விட்டது. நான் மறுபடியும் குடத்தோடு நடந்தேன், இடுப்பு நோகிறது என்று ருக்குமணியக்காவிடம் புலம்பினேன். எங்கள் வரிசைக் கிழவர்கள் கைத்தடியோடு போய்க் கன்னியப்பண்ணனின் கடைக்குக் கூரை போட்டுக்கொடுத்தார்கள். கீற்றை ஒரே நேராக அடுக்கியதில் அவருக்குக் கோபம். "இன்னாய்யா இது, கட மாதிரியே இல்ல, கேம்ப் மாதிரி கீது."

அது முதல் தினமும் காலையில் கின்தி. மாமா தன் எண்ணைச் சொல்வார், வரிசை தொடரும், நோவுக் கட்சிப் பெண்கள் அதைக் கேட்டுக்கொண்டு அவரவர் போக வேண்டிய வீட்டுக்குப் போவோம். பக்கத்து ஊர்களிலிருந்து எங்களைப் பார்க்க வந்தார்கள். பட்டாள அதிகாரி ஒருத்தர் ஜீப்பில் வந்து, தெருவோரம் நின்று கேட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். இந்தத் திட்டத்தை யார் ஆரம்பித்தது என்று கேட்டார். எல்லாரும் என்னைக் காட்டினார்கள். புடவையை மாற்றாமல் வந்துவிட்டோமே என்று நான் கவலைப்பட்டேன்.

மாமாவின் எண் எட்டிலிருந்து மூன்றுக்கு வந்தது, பிறகு இரண்டு. உடம்பு போய்க்கொண்டே இருந்தது, அதை யாரும் மறைக்கவில்லை, அவரும் மறைக்கவில்லை. என்னைக் குளிப்பாட்ட விட்டார். புரட்டும்போது, "அரிசி மூட்டையைவிட நான் லேசுதானே" என்று கேட்டார். வங்காளத்துச் சேற்றில் விட்டுவிட்டு வந்த தன் நண்பனைப் பற்றி ஒரு மத்தியானம் முழுக்கப் பேசினார். நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன், அடுப்பில் குழம்பு தீய்ந்தது, போகட்டும் என்று விட்டேன். புரட்டாசியில் ஒரு சாயங்காலம், பெங்களூரிலிருந்து வந்திருந்த என் வீட்டுக்காரர் மாமாவின் காலைப் பிடித்துக்கொண்டிருக்க, நான் பஞ்சால் அவர் உதட்டை நனைத்துக்கொண்டிருக்க, முகம் சுளிக்காமல், விரல் மடங்காமல், தூங்குகிறவர் இன்னும் ஆழமாகத் தூங்குவது போலப் போனார். அன்று காலை அவர் சொன்ன எண் ஒன்று.

அடக்கம் முடிந்த மறுநாள் விடிந்தது. நான் வாசல் தெளிக்க வெளியே வந்தேன். வரிசை முழுக்க வாசலில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள், ஜன்னல்கள் திறந்திருந்தன, யாரும் பேசவில்லை. ரைட் மார்க்கர் தொடங்காமல் அவர்களால் தொடங்க முடியாது. நேற்று ராத்திரி முழுக்கப் பத்து இருந்தவர்கூட அந்த வரிசையில் காத்துக்கொண்டு நிற்கலாம். என் வீட்டுக்காரர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார், அவருக்கும் இது பழக்கம் இல்லை. நான் பட்டாளத்துக்காரி இல்லை. எனக்கு எங்கே நோகிறது, எவ்வளவு நோகிறது என்று என் வாழ்நாளில் யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. பால், கரண்ட், சாக்கடை என்று வேறு எதையாவது சொல்லித்தான் புலம்பியிருக்கிறேன்.

வாளியைக் கீழே வைத்தேன். கேட்டுக்கு முன்னால் போய் நின்று, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன்.

"அம்சவேணி" என்றேன். குரல் முதலில் எழும்பவில்லை, மறுபடியும் சொன்னேன். "அம்சவேணி. ஏழு."

என் முதுகுக்குப் பின்னால் வீடு ஓரடி முன்னே வந்து, என் குதிகாலைத் தொட்டு நின்றது. அதைப் பார்த்து அடுத்த வீடு வந்தது, அடுத்தது வந்தது, கடைசி வரைக்கும் ஜவான் வரிசை என்னோடு ஓரடி முன்னே வந்து நின்றது. பிறகு பக்கத்து ஜன்னலிலிருந்து எத்திராஜண்ணனின் குரல், மெலிந்து, ஆனால் திருத்தமாக வந்தது.

"மூணு, சாப்."